ஸ்கற்றர்பிறெயின்: ஓர் ஆங்கில வழக்குச் சொல்லின் பொருளும் ஆட்சியும்

பிறமொழி ஒன்றைக் கற்போர் அதன் இலக்கணத்தையும் உயர்ந்த நூல்களின் சொல்வளத்தையும் முயன்று பெறுவர். ஆயின் அம்மொழியைத் தாய்மொழியாக உடையோர் வீட்டிலும் வீதியிலும் ஒருவரையொருவர் சுட்டி வழங்கும் எளிய சொற்களே கற்போரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன. அகராதி அத்தகைய சொல்லின் பொருளைத் தரும். அதன் எடையைத் தராது. எச்சொல் வசை, எச்சொல் நகை, எச்சொல் அன்பொடு கலந்த கண்டிப்பு என்பன வழக்கினாலன்றி வேறொன்றினாலும் அறியப்படா. அவ்வகைச் சொற்களுள் ஒன்று ‘ஸ்கற்றர்பிறெயின்’ என்பது. எண்ணங்களை ஒருவழிப்படுத்த மாட்டாதவர், எடுத்த கருமத்தை இடையில் விட்டு மற்றொன்றிற் புகுபவர், வைத்த பொருளை வைத்த இடம் மறப்பவர் ஆகியோரை ஆங்கிலேயர் இச்சொல்லாற் குறிப்பர். சிறிய சொல்லேயாயினும், இதன் பிறப்பையும் ஆட்சியையும் ஆராயுமிடத்து, பிறரைப் பெயரிட்டு அழைக்கும் வழக்கமுடைய யாவர்க்கும் பயன்படும் உண்மையொன்று புலனாகும்.

இச்சொல் இரண்டு உறுப்புக்களால் ஆயது. ‘ஸ்கற்றர்’ என்பது சிதறுதல், சிதறச் செய்தல் என்னும் பொருள்களையுடைய வினை. ‘பிறெயின்’ என்பது மூளை. இவ்விரண்டும் சேர்ந்தவழி, தோன்றும் பொருள் சிதறலுமன்று, மூளையுமன்று; இரண்டிற்கும் புறத்தேயுள்ள ஓர் ஆள். தமிழிலக்கணம் கற்றார்க்கு இஃது அரிய செய்தியன்று. ‘தாழ்குழல் வந்தாள்’ என்றவிடத்து வந்தது குழலன்று, அதனையுடைய பெண்ணே என்பதை இலக்கண ஆசிரியர் அன்மொழித்தொகை என்னும் பெயரால் விளக்கினர். தாழ்குழல் வினைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என்பது போலவே, ஸ்கற்றர்பிறெயின் என்பதனையும் ‘சிதறுமூளை’ எனக் கொண்டு, அதனையுடையார் என்று விரிக்கலாம்.

எனினும் இச்சொல்லைப் பிறிதொரு வகையாலும் விரித்தல் கூடும். ஆங்கிலத்தில் வினையை முன்னும் செயப்படுபொருளைப் பின்னுமாக வைத்து ஆட்பெயர் ஆக்கும் முறையொன்று உண்டு. சட்டைப்பையிற் களவு செய்வோனைக் குறிக்கும் ‘பிக்பொக்கற்’ என்னும் சொல் இலங்கைப் பேருந்துகளிற் செல்வோர் யாவரும் அறிந்தது. சேர்த்த செல்வத்தைச் செலவிட்டொழிப்பவனைக் குறிக்கும் ‘ஸ்பென்ட்திறிவ்ற்’ என்பதும், கட்சி மாறுவோனைக் குறிக்கும் ‘ரேண்கோட்’ என்பதும் அம்முறையிற் பிறந்தனவே. இவ்வகைப் பெயர்களிற் பல 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தன. அவற்றுட் பெரும்பாலன இகழ்ச்சிப் பெயர்களாகவே அமைந்தன. அந்நெறியில் நோக்கின், ஸ்கற்றர்பிறெயின் என்பது தம் மூளையைத் தாமே சிதறவிடுபவர் எனப் பொருள்படும்.

இவ்விரண்டாம் விரிக்குத் துணையாக ஒரு பழஞ்சொல் உண்டு. ‘ஸ்கற்றர்குட்’ என்பது அது. பொருளை வாரியிறைத்து அழிப்பவன் என்பது அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய அச்சொல் இன்று பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயராகவே எஞ்சியுள்ளது. ஸ்கற்றர்பிறெயின் என்பதோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்து வழக்கிற் காணப்படுவது. முன்னது செல்வத்தைச் சிதறுவோன். பின்னது சிந்தையைச் சிதறுவோன். இரு பெயரும் ஓர் அச்சில் வார்த்தனபோல இருத்தல் கருதத்தக்கது.

ஸ்கற்றர் என்னும் வினையின் வரலாறு இதனை மேலும் விளக்கும். நோர்மானியர் 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின்னரும், பீற்றர்பரோ என்னும் ஊரிலிருந்த மடத்துத் துறவியர் ஆங்கிலத்தில் ஆண்டுக் குறிப்புக்களை எழுதி வந்தனர். 1154ஆம் ஆண்டுவரை செல்லும் அக்குறிப்புக்களுள், 1137ஆம் ஆண்டின்கீழ் ஸ்ரீவன் மன்னனைப் பற்றிய செய்தி வருகின்றது. முன்னிருந்த முதலாம் ஹென்றி மன்னன் தேடிவைத்த பெருநிதி, அவன் மருமகனாகிய ஸ்ரீவன் கைக்கு வந்தது. அவன் அதனைப் பகிர்ந்தளித்தும் அறிவின்றிச் சிதறியும் அழித்தான் என்று துறவி வருந்தி எழுதுகின்றார். இவ்வினை எழுத்தில் இடம்பெற்ற மிகப் பழைய இடங்களுள் அஃதொன்று. ஆகவே, தொடக்கத்திலேயே இவ்வினை விதை சிதறலையோ மணல் சிதறலையோ மட்டும் குறித்ததன்று; கைவந்த செல்வத்தைக் காவாது இறைத்தலையும் குறித்தது.

18ஆம் நூற்றாண்டில் ஸ்கற்றர்பிறெயின் என்று முதலிற் கூறியவர் ஸ்ரீவன் மன்னனை நினைத்துக் கூறினார் என்று கொள்ளுதல் பொருந்தாது. சொல்லின் பழைய பொருள் பிற்காலத்தார் உள்ளத்தில் எப்பொழுதும் நிற்பதில்லை. எனினும் சொல்லின் அமைப்புத் தானே ஒன்றை அறிவிக்கின்றது. இல்லாத பொருளை எவரும் சிதற முடியாது. சிதறுவதற்கு முன்னர்க் கையில் ஒன்று இருத்தல் வேண்டும். ஆதலின் இச்சொல் அறிவின்மையைக் குறிப்பதன்று. உள்ள அறிவு ஓரிடத்து நில்லாமையைக் குறிப்பது. இதுவே இச்சொல்லின் உயிர்.

இவ்வேறுபாட்டை நன்குணர, இதனோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் பிற சொற்களையும் நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் இத்துறைச் சொற்கள் பல. அவற்றுட் சில இன்மையையோ சிறுமையையோ அடிப்படையாகக் கொண்டவை. ‘எயர்ஹெட்’ என்றால் தலையினுள்ளே காற்றன்றி வேறில்லை என்பது கருத்து. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வானூர்திவழி இறங்கிய படையினர் கைப்பற்றிய நிலப்பகுதியைக் குறிக்கும் படைத்துறைச் சொல்லாகவும் அது வழங்கிற்று. வெறுந்தலையர் என்னும் இழிபொருளில் அமெரிக்கரிடையே பரவியது 1970களிலாகும். ‘வெதர்பிறெயின்’ என்பது மூளையை இறகின் இலேசுக்கு ஒப்பிடுவது. ‘பேர்ட்பிறெயின்’ என்பது பறவையின் மூளைச் சிறுமையைச் சுட்டுவது. இவ்வொப்பீடு பறவைக்கு நீதி செய்ததன்று. கிளிகளிலும் காக்கையினத்துப் பறவைகளிலும் மூளை சிறிதாயினும், நரம்பணுக்கள் அதனுள் மிக நெருங்கி நிறைந்துள்ளன என்பதை 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. வசைச்சொற்கள் உலகை அளந்து பிறப்பனவல்ல என்பதற்கு இதுவொரு சான்று.

வேறு சில சொற்கள் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை. ‘ஹெயர்பிறெயின்ட்’ என்பது முயலின் மூளையையுடைய என்னும் பொருளது. 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கும் அச்சொல்லில் உள்ளது முயலே. ஆயினும் ஆங்கிலத்தில் முயலுக்கும் மயிருக்கும் உரிய சொற்கள் ஒலியால் ஒத்தலின், மயிரைக் குறிக்கும் எழுத்துக்களால் எழுதுவாரும் நெடுங்காலமாக உளர். துள்ளியோடும் முயல்போல ஆராயாது பாயும் கருத்தையும் திட்டத்தையும் அச்சொல் பெரிதும் அடைகொள்ளும். ‘பிளிபேர்ட்டிஜிபெற்’ என்னும் நெடுஞ்சொல், பொருளற்ற ஓயாப் பேச்சின் ஒலிக்குறிப்பாக எழுந்தது என்பர். ஹியூ லற்றிமர் என்னும் சமயப் பெரியார் 1549ஆம் ஆண்டில் ஆறாம் எட்வேட் மன்னன்முன் நிகழ்த்திய பிரசங்கத்தில் அதன் பழைய வடிவம் வருகின்றது. சாமுவேல் ஹாஸ்நெற் 1603இல் வெளியிட்ட நூலில் அது பேயொன்றின் பெயர். அந்நூலிலிருந்து பேய்ப் பெயர்கள் பலவற்றை எடுத்தாண்ட சேக்ஸ்பியர், 1608இல் முதலில் அச்சேறிய ‘லியர் மன்னன்’ நாடகத்தில், பித்தன்போல நடிக்கும் எட்கார் வாயில் இப்பெயரையும் வைத்தார். பேயின் பெயர் காலப்போக்கில் வாயாடிக்கும் நிலையற்ற இளையோருக்கும் உரிய விளையாட்டுப் பெயராயிற்று.

மூன்றாவதாக ‘கிடி’ என்னும் சொல் உண்டு. தலைசுற்றலையும் நிலையில்லாத இயல்பையும் இன்று குறிக்கும் அச்சொல், பழைய ஆங்கிலத்திற் பித்தேறிய நிலையைக் குறித்தது. தெய்வத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அடியிலிருந்தே அது பிறந்தது என்றும், தெய்வமேறிய நிலை என்பதே அதன் முதற்பொருள் என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். இவ்வாறு, வெறுமை, பாய்ச்சல், ஆவேசம் என்னும் மூன்று படிமங்களால் ஆங்கிலேயர் மனத்தின் நிலையாமையைப் பேசினர். ஸ்கற்றர்பிறெயின் என்பது இம்மூன்றிலும் அடங்காது. அது செல்வமுடையான் ஒருவனின் ஊதாரித்தனத்தைப் படிமமாகக் கொண்டது.

இச்சொல்லோடு மயங்குதற்குரிய பிறிதொன்று ‘அப்சென்ற் மைன்டட்’ என்பது. மனம் இவ்விடத்து இல்லாதவர் என்பது அதன் பொருள். இரு சாராரும் குடையை மறப்பர்; இரு சாராரும் அழைத்தாற் கேளார். ஆயினும் காரணம் வேறு. கிரேக்க ஞானி தேலீஸ் விண்மீன்களை நோக்கி நடந்து கிணற்றினுள் வீழ்ந்தார் என்றும், அதுகண்ட திரேசிய நாட்டுப் பணிப்பெண் நகைத்தாள் என்றும் பிளேற்றோ தம் ‘தியேற்றேற்றஸ்’ என்னும் உரையாடலிற் கூறுகின்றார். தேலீசின் மனம் காலடியில் இருந்திலது. ஆனால் வானத்தில் முழுவதும் இருந்தது. குவிந்த மனம் வேறிடத்து இருத்தல் அந்நிலை. ஸ்கற்றர்பிறெயின் எனப்படுவாரின் மனமோ வானத்திற் பாதியும் வழியிற் பாதியும் எதிரே வரும் ஆட்டுக்குட்டியிற் சிறிதுமாகப் பரந்து கிடக்கும். தேலீஸைக் குறிக்க இச்சொல்லை வழங்குதல் பிழையாகும். மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் ‘மறதிக்காரர்’ என்னும் ஒரே சொல்லால் தருவது, இரண்டினையும் இழப்பதாகும்.

இனி இச்சொல்லின் ஆட்சி. இலக்கண வகையில் இது எண்ணத்தகும் பெயர். ஒருமையும் பன்மையும் உடையது. இறுதியில் விகுதி பெற்று ‘ஸ்கற்றர்பிறெயின்ட்’ என அடைமொழியாகியும் வரும். வழக்கு வகையில் இது பேச்சுச் சொல். உடன்பிறந்தார், நண்பர், கணவன் மனைவியர் ஆகியோர் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளவும், தம்மைத் தாமே நொந்துகொள்ளவும் இதனை வழங்குவர். சாவியைத் தேடி வீடெல்லாம் திரியும் ஒருவர் தம்மையே இப்பெயரால் அழைத்துக்கொள்வது இயல்பு. ‘சற்றே’ என்னும் அடையைக் கூட்டி மென்மையாக்குதலும் உண்டு. காதற் கனிவோடு கூடியும் இது வரும். ‘ஸ்கற்றர்பிறெயின்’ என்னும் தலைப்பிலேயே இயற்றப்பட்ட பாடலொன்று 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெரும் புகழ் பெற்றது. ஆயின் அதே சொல்லை, வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் நற்சான்றுப் பத்திரத்திலோ, மாணாக்கரின் தேர்ச்சி அறிக்கையிலோ எழுதுதல் தகாது. நெருங்கியோர் வாயில் நகையாய் நின்ற சொல், மேலோர் கையெழுத்தில் தீர்ப்பாய் மாறிவிடும். மூத்தோரை இளையோர் இவ்வாறு அழைத்தல் மரியாதைக் குறைவு என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடில்லை. எனினும் மேடையும் வானொலியும் திரைப்படமும் இவ்வியல்பைப் பெரும்பாலும் பெண்பாத்திரத்தின் தலையிலேயே ஏற்றின. அமெரிக்க நகைச்சுவை நடிகை கிறேசி அலன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தம் கணவர் ஜோர்ஜ் பேண்ஸுடன் மேடையிலும் வானொலியிலும் நடித்துப் பின் 1950 முதல் 1958 வரை தொலைக்காட்சியிலும் தோன்றிய அவர், ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவும் சிந்தையினராகவே நடித்துப் புகழ்பெற்றார். அத்தாவல்களை வாய்தவறாது உரிய கணத்தில் வெளியிடுதற்கு வேண்டிய ஒருமைப்பாடு எத்துணையது என்பதை எண்ணுவோர், சிதறிய சிந்தையை நடித்துக் காட்டுதற்குச் சிதறாத சிந்தை வேண்டும் என்பதை உணர்வர்.

இத்தகைய பெயரிடுதலால் நேரும் தீங்கினை ஜேன் ஒஸ்ரின் 1815ஆம் ஆண்டிறுதியில் வெளியிட்ட ‘எம்மா’ என்னும் நாவல் நுட்பமாகக் காட்டுகின்றது. அதில் வரும் மிஸ் பேற்ஸ் என்னும் மூத்த கன்னிகை வறியவர், நல்லவர். பேசத் தொடங்கினால் ஒரு செய்தியை முடிக்குமுன் ஒன்பது செய்திகளிற் புகுபவர். பொக்ஸ் குன்றில் யாவரும் கூடிய ஒரு நாளில், செல்வமும் அழகும் வாய்ந்த எம்மா அவர் பேச்சை எல்லார் முன்னும் எள்ளி நகைக்கின்றாள். மிஸ் பேற்ஸ் முகம் வாடுகின்றார். மறுத்து ஒன்றும் கூறினாரல்லர். நைற்லி என்னும் நண்பர் எம்மாவைத் தனியே அழைத்துக் கடிகின்றார். அவர் கடிந்தது மிஸ் பேற்ஸின் பேச்சுச் சிதறவில்லை என்பதற்காக அன்று. தாழ்ந்த நிலையிலுள்ள ஒருவரை, எம்மாவைக் குழந்தைப் பருவந்தொட்டு அன்போடு நோக்கி வந்த ஒருவரை, அவள் நகையாடியதற்காகவே. எம்மா மறுநாட் காலையே அவர் இல்லம் நாடிச் செல்கின்றாள்.

இந்நாவலில் மற்றொரு நயமும் உண்டு. கதையில் மறைந்து நிற்கும் காதலொன்றின் தடயங்கள் மிஸ் பேற்ஸின் பேச்சினூடே பரந்து கிடக்கின்றன. பிராங் சேச்சில் தம் தாயின் மூக்குக் கண்ணாடியைச் செப்பஞ்செய்து தருகின்றார் என்று அவர் மகிழ்ந்து கூறுவது கேட்போர்க்கு வெற்றுரையாகத் தோன்றுகின்றது. அவ்விளைஞர் அவ்வீட்டில் அடிக்கடி காணப்படுதற்கு வேறு காரணம் உண்டு என்பது பின்னரே விளங்குகின்றது. அவர் பேச்சைச் செவிமடுக்காது விட்ட எம்மா கண்முன் நிகழ்ந்ததை அறியாது போயினாள். சிதறிக் கிடந்தவை பதரல்ல, மணிகளே, பொறுக்குவார் இலராயினர்.

மருத்துவ நூலாரும் இவ்வியல்பை வேறு நோக்கில் ஆராய்ந்துள்ளனர். ஸ்கற்றர்பிறெயின் என்னும் சொல் வழக்கிற் புகுந்த காலத்தையடுத்து, 1798ஆம் ஆண்டில், எடின்பரோவிற் பிறந்த மருத்துவர் அலெக்சாண்டர் கிறைற்றன் மனநோய் பற்றித் தாம் எழுதிய நூலிற் கவனத்தைப் பற்றி ஓர் இயல் அமைத்தார். ஒரு பொருளில் நிலையாகக் கருத்தைச் செலுத்த இயலாமை சிலர்க்குப் பிறவியிலேயே அமையும் என்றும், அத்தகையோரைச் சிறு ஓசையும் நாய்க்குரைப்பும் கலைத்துவிடும் என்றும் அவர் எழுதினார். 1902ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டனில் இதனையொத்த நிலைகளைப் பற்றி விரிவுரையாற்றினார். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்வகைத் தொகுப்பிற் கவனக்குறைபாட்டைத் தனிப்பெயர் தந்து சேர்த்து, 1987இல் அப்பெயரைத் திருத்தியது. இவை ஆய்ந்து கூறப்படும் துறைச்சொற்கள். ஸ்கற்றர்பிறெயின் என்பது அவற்றுக்கு மாற்றுப் பெயராகாது. குடையை மறந்த யாவரும் நோயாளரல்லர். நோயால் இடர்ப்படும் பிள்ளையை விளையாட்டுப் பெயரால் அழைத்து அமைதலும் முறையன்று.

இச்சொல்லைத் தமிழிற் பெயர்ப்பது எவ்வாறு? உறுப்புக்கு உறுப்பாக ‘மூளை சிதறியவர்’ என்று தந்தால், வாசிப்போர் விபத்தொன்றை நினைந்து அஞ்சுவர். ‘மூளை குழம்பியவர்’ என்றாற் பித்தர் என்னும் பொருள் தோன்றும். காரணம் யாதெனின், ஆங்கிலேயர் மூளைக்கு ஏற்றிச் சொல்லும் அலைவைத் தமிழர் மனத்துக்கும் சிந்தைக்கும் ஏற்றிச் சொல்வதே வழக்கு. அலைவது மனம், ஒருங்குவதும் மனம். ஆதலின் ‘சிந்தை சிதறுவோர்’, ‘நிலைகொள்ளா மனத்தினர்’ என்பன போன்ற தொடர்கள் பொருளளவிற் பொருந்தும். ஆனால் அவை ஏட்டுத் தொடர்கள். ஆங்கிலச் சொல்லின் எளிமையும் நகையும் அவற்றில் இல்லை.

அவ்வெளிமையுடைய சொல் தமிழில் இல்லாமலில்லை. ‘பராக்கு’ என்பது அது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘பிராக்கு’ என்று ஒலிக்கும். கடைக்குச் சென்ற சிறுவன் வழியிற் கண்டதையெல்லாம் நோக்கி நின்று நேரந்தாழ்த்தி வந்தால், ‘பிராக்குப் பார்த்துக்கொண்டு நின்றாய்’ என்று தாய் கடிவாள். சொல்லின் எடையும், அதனோடு கலந்த அன்பும் ஆங்கிலச் சொல்லை நெருங்கி வருவன. எனினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஸ்கற்றர்பிறெயின் என்பது ஆளின் பெயர். பராக்குப் பார்த்தல் என்பது ஒரு செயல். முன்னது ‘நீ இத்தகையன்’ என்று முடிவு கூறும். பின்னது ‘நீ இப்பொழுது இதனைச் செய்தாய்’ என்று மட்டும் கூறும். செயல் முடிந்தவுடன் பராக்கும் முடிந்துவிடும். பெயரோ, இட்டவர் மறந்த பின்னரும் இடப்பட்டவரைத் தொடரும்.

வகுப்பறையில் இவ்வேறுபாடு சிறியதன்று. ‘கவனஞ் சிதறுகின்றது’ என்று கேட்ட மாணாக்கன் அதனைத் திரட்ட முயல்வான். அவ்வாறானவன் என்று நாள்தோறும் பெயரிடப்பட்டவன் அப்பெயருக்கேற்ப நடத்தலே எளிதெனக் கொள்வான். ஆங்கிலச் சொல்லை வழங்குவோரும் அதன் அமைப்பிலுள்ள உண்மையை நினைவிற் கொள்வாராயின் நன்று. சிதறுவதற்கு ஒருவரிடம் செல்வம் உண்டு என்பதை அச்சொல்லே ஒப்புக்கொள்கின்றது. ஸ்ரீவன் மன்னன் இறைத்த நிதி மீண்டு வரவில்லை, சிந்தை அத்தகையதன்று. இன்று சிதறியதை நாளை திரட்டலாம். திரட்டுதற்குத் துணைநிற்றல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடன்.